ஆஃகன் போகும் பிள்ளைகளும் வீட்டாரும் என்னிடம் கேட்ட கேள்விகள்

எனக்கு ஊர் கோபிச்செட்டிபாளையம் பக்கம். ஜெர்மனியில் ஆஃகன் (Aachen) நகரத்தில் இரண்டரை வருஷம் இருந்து முதுகலைப் பொறியியல் முடித்துவிட்டு, இப்போது கோவையில் வேலை பார்க்கிறேன். ஊருக்குப் போனால் கல்யாண மண்டபமோ, கோயிலோ, பஸ் ஸ்டாண்டோ, யாராவது ஒருவர் மகனையோ மகளையோ கூட்டிக்கொண்டு வந்து நிறுத்திக் கேட்கிறார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, எனக்குத் தெரிந்ததைக் கீழே சொல்லியிருக்கிறேன். தொகைகள் மாறிக்கொண்டே இருக்கும், கிளம்புவதற்கு முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

"ஆச்சனா, ஆக்கனா, எப்படீங்க சொல்றது? எங்க இருக்குது அது?"

ஆஃகன். எஃகு என்று சொல்லும்போது தொண்டையில் காற்று லேசாக உரசுமே, அந்த ஓசைதான். ஜெர்மன் வகுப்பில் மற்ற நாட்டுப் பிள்ளைகள் இந்த ஓசைக்கு வாரக்கணக்கில் திணறினார்கள், எனக்கு முதல் நாளே ஆய்த எழுத்து கைகொடுத்தது.

ஜெர்மனியின் மேற்குக் கோடியில் இருக்கிறது. நெதர்லாந்தும் பெல்ஜியமும் ஒட்டிக்கொண்டு நிற்கிற மூலை அது, மூன்று நாட்டு எல்லையும் கூடுகிற குன்றுக்கு ஒரு மதியத்தில் போய்த் திரும்பிவிடலாம். கொலோன் நகரத்துக்கு ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். ஊரில் ஏறக்குறைய இரண்டரை லட்சம் பேர், அதில் 1870-இல் தொடங்கிய தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மட்டும் 40,000-க்கு மேல் படிக்கிறார்கள். அதனால் ஊரே மாணவர் ஊர் மாதிரிதான் இருக்கும்.

"பழைய ஊருன்னு சொல்றாங்க, எல்லாம் இடிஞ்சு கிடக்குமா? குடியிருக்க வசதிப்படுமா?"

ரோமானியர்கள் வெந்நீர் ஊற்றுக்காகத் தங்கிய ஊர். அதன்பின் பேரரசர் சார்லமேன் அங்கே அரண்மனையும் எண்கோண வடிவில் ஒரு தேவாலயமும் கட்டினார், 814-இல் இறந்தபோது அதிலேயே அடக்கம் செய்தார்கள். 936 முதல் 1531 வரை ஜெர்மன் அரசர்களுக்கு அங்கேதான் முடிசூட்டினார்கள். 1978-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் முதல் பட்டியல் வந்தபோதே அந்தக் கோயில் அதில் இடம்பிடித்துவிட்டது. ஆனால் இரண்டாம் உலகப் போரில் ஊரின் பெரும்பகுதி நொறுங்கியது, 1944 அக்டோபரில் நேசப் படைகள் பிடித்த முதல் பெரிய ஜெர்மன் நகரம் இதுதான். ஆகவே ஆயிரம் வருஷக் கல்லுக்குப் பக்கத்திலேயே ஐம்பதுகளில் கட்டிய சாதாரண அடுக்குமாடி நிற்கும். நீங்கள் குடியிருப்பது பெரும்பாலும் அந்தச் சாதாரண மாடியில்தான். குழாயில் தண்ணீர், ஹீட்டர், இணையம் எதற்கும் குறை இருக்காது.

பழைய ஊர் என்பதை நான் முதலில் உணர்ந்தது காலடியில். கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களெல்லாம் கல் பாவியவை. வந்த அன்று ராத்திரி முப்பது கிலோ பெட்டியை இழுத்துக்கொண்டு போனேன், பாதி வழியில் ஒரு சக்கரம் கழன்று கல் இடுக்கில் மாட்டிக்கொண்டது. பெட்டி வாங்கும்போது சக்கரத்தைப் பாருங்கள், பெரிதாக, கெட்டியாக இருக்கட்டும்.

"அழுகின முட்டை நாத்தம் அடிக்குமாமே?"

ஊர் நடுவில் எலிசன்புருனன் என்று தூண் வரிசை வைத்த ஒரு மண்டபம், அதில் வெந்நீர் ஊற்று கொட்டும். கந்தகத் தண்ணீர், அதுதான் வாசம். அந்த இடத்தைத் தாண்டினால் இல்லை. அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டாம். குளிர்காலத்தில் கை விறைத்துப் போனால் ஒரு நிமிஷம் நீட்டிப் பிடிக்கலாம், அவ்வளவு இதமாக இருக்கும்.

"காலேஜ் ஃபீஸே இல்லைங்கறது நெசமா?"

நெசம்தான். அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகத்தில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை பருவத் தொகை என்று 300 யூரோவுக்கு மேல் கட்ட வேண்டும். அதிலேயே பயணச்சீட்டும் அடக்கம். நகரப் பேருந்து, நாடு முழுக்க ஓடும் வட்டார ரயில்கள் எல்லாவற்றிலும் அதை வைத்துப் போகலாம், அதிவேக ரயிலில் மட்டும் செல்லாது. தனியார் கல்லூரிகள் கதை வேறு, ஏஜென்ட் சொல்லும் பெயர் அரசுப் பல்கலைக்கழகமா என்று முதலில் பாருங்கள்.

"ஃபீஸ் இல்லைன்னா அப்புறம் எதுக்குங்க பன்னெண்டு லட்சம் கட்டச் சொல்றாங்க?"

அது கட்டணம் இல்லை, உங்கள் பிள்ளையின் சாப்பாட்டுப் பணம். முடக்கக் கணக்கு என்று ஒன்று தொடங்கி, 2024 செப்டம்பரிலிருந்து உள்ள கணக்குப்படி ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ போட்டுக் காட்டினால்தான் விசா. அங்கே போனபின் மாதம் 992 யூரோ வீதம் அது பிள்ளை கைக்கே திரும்பி வரும். யூரோ நூறு ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 12 லட்சம்.

அந்த 992-இல் மருத்துவக் காப்பீட்டுக்கு 140 யூரோவுக்கு மேல் போய்விடும். அறை வாடகை 300-இலிருந்து 500 வரை, இடத்தைப் பொறுத்து. மீதியில் சாப்பாடு, போன், துணிமணி. வீட்டிலேயே சமைத்தால் கையைக் கடிக்காது. தினமும் வெளியில் சாப்பிட்டால் இருபதாம் தேதியே தடுமாறும்.

"காட்டை அடமானம் வெச்சு அனுப்பலாமுங்களா?"

விவசாய நிலத்தை வைத்து அனுப்பலாமா என்று கேட்காத அப்பா இல்லை. எங்கள் அப்பாவும் இதே யோசனையில் ஒரு மாதம் தூங்காமல் கிடந்தார். நான் சொல்வது இதுதான்: முதல் வருஷப் பணத்தை மட்டும் கணக்குப் போடாதீர்கள். விசா நீட்டிக்கும்போது அடுத்த வருஷச் செலவுக்கும் வழி காட்டச் சொல்வார்கள். முதுகலை இரண்டு வருஷம் என்று காகிதத்தில் இருக்கும், பொறியியலில் இரண்டரை, மூன்று ஆவது ரொம்பச் சாதாரணம். இரண்டரை வருஷச் செலவுக்குக் கடன் எவ்வளவு, படிப்பு முடிந்து ஒரு வருஷம் வேலை கிடைக்காவிட்டால் வட்டி யார் கட்டுவது, இந்த இரண்டுக்கும் வீட்டில் பதில் இருந்தால் அனுப்புங்கள். "பையன் போனதும் பார்ட் டைம் பார்த்து வட்டி கட்டிருவான்" என்பதை மட்டும் நம்பிப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள், அந்தப் பாரம் முழுக்கப் பிள்ளை தலையில் இறங்கும். அப்படித் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

"அப்ப பார்ட் டைம் வேலையே கிடைக்காதா?"

கிடைக்கும், அதற்கு நாளாகும். சட்டப்படி வருஷத்துக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். குறைந்தபட்சக் கூலி 2025-இல் மணிக்கு 12.82 யூரோ. பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் உதவியாளர் வேலை, அதை அங்கே ஹிவி என்பார்கள், படிப்புக்கும் நல்லது. ஆனால் முதல் பருவத்தில் பாடமும் மொழியும் குளிரும் ஒன்றாக வந்து மோதும். அந்த ஆறு மாதம் வேலையை நம்பாமல் பிழைக்கிற மாதிரிப் போங்கள்.

"ரூம் கிடைக்கவே மாட்டேங்குதுங்க்கா, பக்கத்து நாட்டுல வாடகை கம்மியாமே?"

ஃபால்ஸ் என்று நெதர்லாந்துப் பக்கம் ஒரு சிற்றூர், ஆஃகன் பேருந்தே போகும், வாடகை விளம்பரம் பார்த்தால் ஆசை வரும். ஆனால் நம் கையில் இருப்பது ஜெர்மனி விசா. சுற்றிப் பார்க்க எல்லை தாண்டலாம், குடியிருக்க அது போதாது. ஐரோப்பியப் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று நாமும் போகக் கூடாது.

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே மாணவர் நலச் சங்க விடுதிக்கு விண்ணப்பியுங்கள், வரிசை நீளம். வெளியில் தேடும்போது வாடகையில் இரண்டு வகை சொல்வார்கள்: குளிர் வாடகை, சூடு வாடகை. குளிர் என்றால் வெறும் அறைக்கு, சூடு என்றால் ஹீட்டரும் தண்ணீரும் சேர்த்து. எப்போதும் சூட்டைக் கேளுங்கள். முன்பணம் மூன்று மாதக் குளிர் வாடகைக்கு மேல் கேட்கச் சட்டம் இடம் கொடுக்காது. அறையைப் பார்க்கும் முன் பணம் அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். என்னிடம் ஒருவர் "நான் வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்றார், படமெல்லாம் அழகாக இருந்தது, கூடப் படிக்கப் போகிறவர் தடுத்ததால் என் அப்பா பணம் தப்பித்தது.

"போய் இறங்கினதும் மொத வாரம் என்ன பண்ணோணும்?"

முகவரிப் பதிவு. அதை அன்மெல்டுங் என்பார்கள். குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும், வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்ட குடியிருப்புச் சான்று இல்லாமல் பதிய மாட்டார்கள், அறை எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். வரி எண், விசா நீட்டிப்பு எல்லாம் இந்தக் காகிதத்தைப் பிடித்துத்தான் நகரும்.

பதிந்த சில வாரத்தில் வானொலி, தொலைக்காட்சிக் கட்டணம் என்று கடிதம் வரும், மாதம் 18.36 யூரோ. டிவி இல்லை என்று தூக்கிப் போடாதீர்கள், அது வீட்டுக்கு ஒன்று என்ற கணக்கு. நாலு பேர் சேர்ந்து குடியிருந்தால் ஒருவர் கட்டி மற்றவர்கள் பங்கு போட்டுக்கொள்ளலாம். பொதுவாகவே அங்கே எல்லாம் தபாலில்தான் வரும். தினமும் தபால் பெட்டியைத் திறந்து பார்க்கும் பழக்கம் வேண்டும்.

"பெட்டியில என்னத்தைப் போட்டு உடறது? நெய் ரெண்டு கிலோ காய்ச்சி வெச்சிருக்கறேன் கண்ணு."

நெய் ஆகாதுங்க அத்தை. பால் பொருளும் கறியும் வெளிநாட்டிலிருந்து ஐரோப்பாவுக்குள் கொண்டுபோகத் தடை, பிடித்தால் குப்பையில் போட்டுவிடுவார்கள். பச்சைக் கறிவேப்பிலையும் அப்படித்தான். அங்கே உப்பில்லாத வெண்ணெய் நல்லதாகக் கிடைக்கும், உருக்கினால் நெய்.

மஞ்சள் தூள், சாம்பார்ப் பொடி, பருப்புப் பொடி, கொள்ளு, வரமிளகாய் கொடுத்துவிடுங்கள். மூன்று லிட்டர் எவர்சில்வர் குக்கர் ஒன்று, அடி தட்டையாக, இன்டக்‌ஷனுக்கும் ஆகிற மாதிரி. அலுமினியம் இன்டக்‌ஷன் அடுப்பில் வேலை செய்யாது. குக்கர் ரப்பர் இரண்டு கூடுதலாக. கண்ணாடி போடுகிறவர்கள் இன்னொரு ஜோடி. ஸ்வெட்டர் இங்கே வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டாம், அங்கத்திய குளிருக்கானது அங்கேதான் கிடைக்கும்.

"அங்க நம்ம அரிசிம்பருப்பு செஞ்சு சாப்பிட முடியுமா?"

முடியும், நான் வாரம் இரண்டு முறை செய்தேன். ஒரு டம்ளர் அரிசிக்குக் கால் டம்ளர் துவரம்பருப்பு, நம் அளவுதான். ஆனால் பாஸ்மதியில் செய்தால் உதிரியாக நின்று நம் பதம் வராது. இந்தியக் கடையில் பொன்னி கிடைத்தாலும் விலை அதிகம். சூப்பர் மார்க்கெட்டில் பால்சோறு காய்ச்ச என்று விற்கும் குட்டை அரிசி மலிவு, அதைப் பாதிக்குப் பாதி கலந்தால் குழைவு சரியாக வரும். இட்லி மாவு குளிரில் பொங்காது. ஓவன் அடுப்பில் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வையுங்கள், காலையில் எழும்பியிருக்கும்.

தாளிப்பில்தான் ஜாக்கிரதை. முதல் மாதம் ஒரு ராத்திரி, எண்ணெயில் கடுகையும் வரமிளகாயையும் போட்ட கையோடு கூரையில் இருந்த புகைக் கருவி அலற ஆரம்பித்தது. தளத்தில் இருந்த ஆறு பேரும் இருமிக்கொண்டு சமையலறைக்கு ஓடி வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது, பாதி மிளகாய் நெடி, பாதி பயம். பக்கத்து அறைப் பெண் ஒன்றும் சொல்லாமல் ஜன்னல் பிடியைக் கிடைமட்டமாகத் திருப்பி முழுசாகத் திறந்துவிட்டாள். பிடியை மேலே திருப்பினால் ஜன்னல் மேற்பக்கம் மட்டும் சாயும், அது புகைக்குப் போதாது என்று காட்டினாள். அப்புறம் என்ன சமைக்கிறாய் என்று கேட்டாள். அன்றிலிருந்து தாளிக்கும் முன் ஜன்னல், சமையலறைக் கதவைச் சாத்துவது, வாணலிக்கு மூடி, மூன்றும் எனக்குக் கைப்பழக்கம். அந்தப் பெண்தான் அங்கே இருந்தவரை எனக்கு நெருங்கிய தோழி.

"வெளிய சாப்பிட்டா மாட்டுக்கறி, பன்னிக்கறி கலந்துருமோ?"

பல்கலைக்கழக உணவகத்தை மென்சா என்பார்கள், வெளியை விட மலிவு, சைவம், பால் பொருளும் சேராத முழுச்சைவம் தனியாகக் குறிப்பிட்டே இருக்கும். கடையில் வாங்கும்போது மூன்று சொல் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ஷ்வைன் பன்றி, ரிண்ட் மாடு, ஹூன் கோழி. ஜெலட்டினே என்ற சொல்லையும் பாருங்கள், மிட்டாய்களில் இருக்கும், விலங்கிலிருந்து எடுப்பது. ஆஃகனின் பிரிண்டன் பெயர் போனது, மசாலா வாசம் வீசும் கெட்டி ரொட்டி. டீயில் நனைத்தால் நம் வர்க்கி நினைவு வரும்.

"ஞாயித்துக்கிழமை கடையே இருக்காதாமே?"

இருக்காது. ரொட்டிக் கடை சில மணி நேரம், ரயில் நிலையத்தில் ஒன்றிரண்டு. சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். ராத்திரி பத்துக்கு மேல் சத்தம் கூடாது. காலி பாட்டிலைத் தூக்கிப் போடாதீர்கள், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலைக் கடை எந்திரத்தில் போட்டால் 25 சென்ட் திரும்பி வரும்.

"குளிர் தாங்குமா? நம்ம புள்ளைக ஊட்டிக்கே நடுங்குதுக."

குளிரைத் துணி பார்த்துக்கொள்ளும். ஆஃகனில் பனியை விட மழைதான் அதிகம், காற்று புகாத, நனையாத ஒரு மேற்சட்டை எடுத்துவிட்டால் போதும். என்னை வாட்டியது இருட்டு. டிசம்பரில் எட்டரை வாக்கில்தான் விடியும், மாலை நாலரைக்கு இருட்டிவிடும். வகுப்புக்குப் போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு. நவம்பர் கடைசியில் காரணமே இல்லாமல் அழுகை வந்தது, எழப் பிடிக்கவில்லை. பிறகுதான் நிறையப் பேருக்கு அப்படி ஆகும் என்று தெரிந்தது.

மதியம் வெளிச்சம் இருக்கிற ஒரு மணி நேரத்தில் கட்டாயம் நடங்கள். நான் பொன்ட்டோர் வரை போவேன், பழைய கோட்டை மதிலில் மிச்சம் நிற்கிற இரண்டு வாயில்களில் அது ஒன்று. அங்கிருந்து லூஸ்பெர்க் குன்று ஏறினால் ஊர் முழுக்கத் தெரியும். இரண்டு வாரத்துக்கு மேல் மனசு தெளியாவிட்டால் பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், போய்ப் பேசுங்கள். காய்ச்சலுக்குப் போகிற மாதிரித்தான் அதுவும்.

"பாடம் இங்கிலீஷ்லதானே, ஜெர்மன் எதுக்கு?"

வகுப்புக்கு வேண்டாம், வாழ்க்கைக்கு வேண்டும். மேலே சொன்ன கடிதங்கள், வீட்டுக்காரர், மருத்துவர், வேலை எல்லாம் ஜெர்மனில்தான். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் தங்க அனுமதி கிடைக்கும், அந்த 18 மாதத்தில் மொழி தெரிந்தவர் தேடுவதும் தெரியாதவர் தேடுவதும் ஒன்றல்ல. இங்கே இருக்கும்போதே முதல் இரண்டு நிலை முடித்துவிட்டுப் போங்கள்.

"ஏனம்மிணி, பொட்டப்புள்ளையத் தனியா அனுப்பலாமா? நீ எப்படி இருந்தே?"

அனுப்பலாமுங்க. நூலகத்திலிருந்து ராத்திரி பதினொன்றுக்குத் தனியாக நடந்து வந்திருக்கிறேன், தெருவில் மாணவர்கள் நடமாட்டம் இருந்துகொண்டே இருக்கும். எங்கேயும் போலப் போதையில் இருப்பவர்களைக் கண்டால் விலகிப் போக வேண்டும், ரயில் நிலையப் பக்கம் கவனம் வேண்டும். அவசரத்துக்குக் காவல்துறை 110, ஆம்புலன்ஸ் 112. மகள் கையில் அந்த எண்களும் கொஞ்சம் பணமும் இருக்கட்டும். அதோடு, மணிக்கொருமுறை போன் போட்டு எங்கே இருக்கிறாய் என்று கேட்காதீர்கள். நேர வித்தியாசம் கோடையில் மூன்றரை மணி நேரம், குளிர்காலத்தில் நாலரை. தினமும் ஒரு நேரம் பேசி வையுங்கள், அந்த நேரத்துக்கு அவளே கூப்பிடுவாள்.

"பண்டிகைக்கு வர முடியுமா?"

பெரும்பாலும் முடியாது. பாரியூர்க் குண்டம், எங்கள் பக்கத்து அம்மன் கோயில் தீமிதி, மார்கழியில். அதை ஒட்டி அங்கே கிறிஸ்துமஸ் விடுமுறை, டிக்கெட் விலை உச்சத்தில் நிற்கும். டிசம்பர் 25, 26 இரண்டு நாளும் கடை கிடையாது, விடுதியில் ஐரோப்பியப் பிள்ளைகள் எல்லாம் வீட்டுக்குப் போய்விடுவார்கள். ஆஃகன் தேவாலயத்தைச் சுற்றி ஒரு மாதமாக விளக்கும் கூட்டமுமாக இருந்த சந்தையையும் அதற்குள் பிரித்துவிடுவார்கள். அந்த வாரத்துக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள், போகாமல் இருக்கும் நாலு பேரைச் சேர்த்து ஒன்றாகச் சமையுங்கள். குண்டத்தன்று தம்பி போனில் காட்டினான், இங்கே கருக்கல் விடிந்திருந்தது, அங்கே நடுராத்திரி. நான் ஈரக் கூந்தலோடு அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

"நம்ம மார்க்கு அங்க எப்படிங்க? ஃபெயிலானா என்ன ஆகும்?"

அங்கே 1.0 உயர்ந்தது, 4.0 வரை தேர்ச்சி, 5.0 என்றால் போச்சு. நம்மூரில் மாதிரி வகுப்பில் இருந்தாலே தேர்வுக்குப் பெயர் போய்விடாது, ஒவ்வொரு தேர்வுக்கும் குறித்த தேதிக்குள் தனியாகப் பதிய வேண்டும். தேதி தவறினால் எழுத முடியாது. ஒரு பாடத்துக்கு மொத்தம் மூன்று வாய்ப்பு. கட்டாயப் பாடத்தில் மூன்றும் போனால் அந்தப் படிப்பை விட்டே வெளியேற வேண்டும், அதே படிப்பை ஜெர்மனியில் வேறு இடத்திலும் தொடர முடியாது. ஆகவே தயார் இல்லாமல் "சும்மா எழுதிப் பார்ப்போம்" என்று ஒரு வாய்ப்பைக் கழிக்காதீர்கள்.

"ரெண்டு தடவை போச்சுங்க்கா. வீட்ல சொல்லலை. காட்டை வெச்சு அனுப்பிச்சிருக்கறாங்க."

போன வருஷம் ஒரு பையன் அங்கிருந்து நடுராத்திரி எனக்கு எழுதியது இது. என்ன சொன்னேனோ அதையே எழுதுகிறேன். எனக்கும் முதல் பருவத்தில் ஒரு பாடம் போனது. இரண்டு மாதம் வீட்டில் மறைத்தேன். அந்த இரண்டு மாதமும் தினமும் போனில் "நல்லா இருக்கறேன்மா" என்று சொல்லிவிட்டு வைத்தபின், புத்தகத்தைத் திறந்தால் ஒரு வரி உள்ளே போகாது. சொன்ன அன்று அம்மா கேட்டது ஒன்றுதான்: "சாப்பிட்டயா சாமி?" அப்பா அடுத்த நாள் பேசினார், இன்னும் எத்தனை வாய்ப்பு இருக்கிறது என்று விவரமாகக் கேட்டுக்கொண்டார்.

மூன்றாவது முறைக்கு முன்னால் படிப்பு ஆலோசகரைப் பார், பேராசிரியரிடம் நேரம் வாங்கிப் போன விடைத்தாளைத் திறந்து பார், அது உன் உரிமை. எங்கே மதிப்பெண் போனது என்று தெரியாமல் மறுபடி எழுதாதே. வீட்டில் முதலில் அப்பாவிடம் சொல்ல முடியாவிட்டால் அக்காவிடமோ மாமனிடமோ சொல், ஆனால் இந்த வாரமே சொல் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவன் அம்மாயிக்கு, அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறான். திங்கட்கிழமை விடைத்தாள் பார்க்க நேரம் கேட்டு மின்னஞ்சல் போட்டுவிட்டேன் என்று எனக்கு எழுதினான்.